சும்மா இருந்தால் சும்மார்

மே 27, திங்கள்

இந்த நோட்டு இவர் வாங்கியது. முன்பக்கத்தில் கட்டம் போட்டு, படம் எண், லென்ஸ், அப்பர்ச்சர், வெளிச்சம் என்று தலைப்பெழுதி, "இனிமே நான் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் நீ இதுல எழுதோணும் வசந்தா" என்று கையில் கொடுத்துவிட்டார். சரி, முன்பக்கம் அவருக்கு. கடைசிப் பக்கத்திலிருந்து நான் எனக்காக எழுதிக்கொண்டு வருகிறேன். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். தினம் நாலு வரி ரிப்போர்ட் எழுதாவிட்டால் கை அரிக்கிறது. ரிட்டயர் ஆகி எட்டு மாதமாகியும் அரிப்பு நிற்கவில்லை.

இந்த நோட்டுக்குக் காரணம் நேற்று நடந்த கூத்து. மாதக் கடைசி ஞாயிறு இவருடைய புகைப்படக் குழு வடகோவையில் ஒரு பள்ளிக்கூட டிராயிங் ஹாலில் கூடும். கீரை வடை நன்றாயிருக்கும் என்பதால் நானும் போவேன். நேற்று அருளப்பண்ணன் ஆரம்பித்தார். ஸ்டுடியோ வைத்திருந்தவர், இவருக்கு நாற்பது வருஷ சிநேகிதர். பிலிம் கேமராவையெல்லாம் தலைமுழுகிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியவர். கருகருவென்று முறுக்கிய மீசை, அதற்குத் தனியாக ஒரு சீப்பு.

"லென்ஸுக்கு லென்ஸ் குணம் மாறுதுன்னு சொல்றதெல்லாம் கட்டுக்கதை. படத்தைக் காட்டினா எந்த லென்ஸுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார்.

இவர் எழுந்து நின்றுவிட்டார். "எங்கிட்ட நாலு லென்ஸ் இருக்குது. எந்தப் படத்தைக் காட்டினாலும் எதுல எடுத்ததுன்னு சொல்றேன்."

"சொல்லாட்டி?"

"என்ர சும்மார் லென்ஸை உனக்குக் குடுத்தர்றேன். சொல்லிட்டா நீ மீசையை எடுத்தரோணும்."

இருபத்தைந்து பேரும் கை தட்டினார்கள். ஜூன் 30 போட்டி. படங்களின் விடைப் பட்டியலை யார் வைத்திருப்பது என்று கேள்வி வந்ததும் அருளப்பண்ணன் என்னைக் கை காட்டினார். "தங்கச்சிக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. அவங்களை நம்பலாம்."

உண்மைதான். ஆனாலும் அதை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மே 29, புதன்

காலை ஏழு மணிக்கே மொட்டை மாடியில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். பின்னால் தண்ணீர் டேங்க், பக்கத்தில் துணிக் கொடி, அதில் ஒரு வெள்ளைத் துண்டு. நாலு லென்ஸிலும் அதே காட்சி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம் ஆகிறது. அடுப்பில் பருப்பு.

இவருடையது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. ஜன்னலில் கண் வைத்தால் நடுவில் சின்னதாக ஒரு சதுரம். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. எந்த லென்ஸை மாட்டினாலும் ஜன்னலில் ஒரே காட்சிதான். அதனதன் குணம் படம் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

"பொண்ணு பார்த்துட்டுப் போற மாதிரிதான்னு சொல்லுங்க" என்றேன். கேமராவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருந்தார்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 1, சனி

இட்லிக்கு மாவு ஆட்டினேன். பேப்பரில் மை சரியாகப் போடுவதில்லை, எழுத்தெல்லாம் வெளிறி இருக்கிறது என்று இவர் ஏஜென்ட்டிடம் சண்டை போட்டார். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

படங்கள் லேபிலிருந்து வந்தன. டேங்க் அபாரமாக விழுந்திருக்கிறது. அதன் மேல் பெயின்டில் எழுதிய லிட்டர் கணக்கு வரைக்கும் படிக்கலாம். நான்தான் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் புடவை கட்டிய ஒரு புகை உட்கார்ந்திருக்கிறது. நாலிலும் அப்படியே.

"கேமராவுல சதுரம் வெளிறிப் போச்சு. சர்வீஸ் பண்ணோணும்" என்றார்.

நான் புகையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டு, ஒரே வெயில். ஆனால் ஒரு படத்தில் துண்டின் ஓரம் கத்தரித்த மாதிரி நிற்கிறது. இன்னொன்றில் வெள்ளை ஓரம் தாண்டி வானத்தில் கசிகிறது. சாயம் போகிற துணியைப் பக்கத்துத் துணியோடு நனைத்தால் இறங்குமே, அப்படி.

பின்னால் பென்சிலில் லென்ஸ் பேர் எழுதியிருந்தது. கசிந்தது சும்மார்.

ஜூன் 6, வியாழன்

எனக்கு இதில் ஆர்வமெல்லாம் கிடையாது. சோறு வேகிற நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக இவருடைய பழைய படப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். முந்நூறு படம் இருக்கும். பேர்களைப் பார்க்காமல் நாலு குவியலாகப் பிரித்தேன்.

சும்மிக்ரான் லென்ஸ் என் பெரிய நாத்தனார் மாதிரி. பொய்யே சொல்லாது. ஆனால் எல்லா உண்மையையும் எல்லாரிடமும் சொல்லிவிடும். என் தாடையில் மூன்று முடி இருப்பது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

எல்மார் சின்ன லென்ஸ். வேலை முடிந்ததும் கேமராவுக்குள்ளேயே மடங்கிப் போய் ஒண்டிக்கொள்ளும். அதன் படமும் அப்படித்தான், குரல் உயர்த்தாது. தெளிவு இருக்கிறது, அதட்டல் இல்லை. அழுத்தமான கருப்பும் இல்லை, பளீர் வெள்ளையும் இல்லை. நடுவில் சாம்பல் மட்டும் படிப்படியாக இறங்குகிறது. நாலு தடவை துவைத்த காட்டன் புடவை.

ஜூபிடர் ரஷ்யாக்காரன். கல்யாண வீட்டு வீடியோக்காரர் மாதிரி நடுவில் நிற்கிற மாப்பிள்ளை மேல்தான் அக்கறை. முகம் அழகாக வரும். ஓரத்தில் இருக்கிற சித்தப்பா பெரியப்பாவெல்லாம் கரைந்து போவார்கள். எதிர்வெயில் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி.

சும்மார்தான் நாலிலும் வயசானது. கண்ணாடியில் பூச்சு கிடையாது, முகமெல்லாம் பொடிப்பொடிக் கீறல். வெளிச்சத்தைக் கண்டால் உருகிப் போகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தப் பனிக்கு அடியில் கோடெல்லாம் அப்படியே இருக்கிறது. டிசைன் போட்ட துணிக்கு மேலே மஸ்லின் விரித்த மாதிரி.

நாலு குவியலையும் திருப்பிப் பேரைப் பார்த்தேன். பதினொன்றுதான் தப்பு.

சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

அருளப்பண்ணன் வந்தார். போட்டிக்கான படங்களை இவருடைய கேமராவிலும் லென்ஸிலும் அவரே எடுப்பதாக ஏற்பாடு. இவர் எடுத்தால் இவருக்கு ஞாபகம் இருக்குமே. நாலு லென்ஸையும் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புகிற மாதிரி துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"கேமராவுல சதுரம் வெளிறியிருக்குது அருளப்பா. பார்த்து எடு."

"நான் பார்த்துக்கறேன்யா. நீ சும்மாருக்கு ஒரு நல்ல பெட்டியா ரெடி பண்ணு. எங்க ஊட்டு ஷோகேஸ்ல வெக்கோணும்."

"உங்க ஊட்டுல ஒரு நல்ல பிளேடு இருக்குதான்னு பாரு."

காபி கொடுத்தேன். மீசையை ஒதுக்கிக்கொண்டு குடித்தார்.

ஜூன் 15, சனி

படங்கள் வந்துவிட்டன. பன்னிரண்டு படம், ஒட்டின கவரில். கூடவே விடைப் பட்டியல். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இவர் குளிக்கப் போயிருந்தபோது அருளப்பண்ணன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

"சதுரம் எப்படிங்ணா இருந்துது?"

"கண்ணாடியாட்டம் இருக்குது தங்கச்சி. கேமராவுல ஒரு குறையும் இல்ல." கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "அவனைக் கண் டாக்டர்கிட்ட எப்பக் கடைசியாக் கூட்டிட்டுப் போனீங்க?"

கண்ணாடி மாற்ற நாலு வருஷத்துக்கு முன்னால் போனது. வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். முருங்கைக்காய் விலையைப் பற்றி என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

பழைய படங்களை வைத்து வீட்டிலேயே பயிற்சி. நான் ஒவ்வொன்றாகக் காட்ட, இவர் சொல்ல வேண்டும். இருபதில் ஆறு சரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

"லைட்டு சரியில்ல" என்றார். லைட்டைப் போட்டேன். "லைட்டு கூசுது" என்றார். அணைத்தேன்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இது ஜூபிடருங், ஓரம் கரைஞ்சிருக்குது பாருங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னால எழுதியிருக்குது."

"நீ திருப்பவே இல்லையே."

ஜூன் 19, புதன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் முருங்கைக்காய் பற்றியே பேசுவது?

"ஏனுங், உங்களுக்குக் கண்ணு தெரியறதில்லையா?"

"தெரியுதே. நீ தெரியறே, டிவி தெரியுது, எல்லாம் தெரியுது."

"எப்படித் தெரியுது?"

தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். இவர் பம்பு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். மயிரிழைக் கோட்டை நேராகப் போடுகிற விரல்.

"எல்லாமே சும்மார்ல எடுத்த மாதிரி இருக்குது வசந்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு வருஷமாகவாம். முதலில் தெருவிளக்கைச் சுற்றி வட்டம். பிறகு வெயிலில் கூச்சம். பிறகு எல்லாவற்றின் மேலும் பனி. "ஆரம்பத்துல அழகாத்தான் இருந்துது" என்கிறார்! ஏன் சொல்லவில்லை என்றால், இவருடைய சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில் கண்ணில் ஆப்பரேஷன் செய்து பார்வையே போய்விட்டதாம். சொன்னால் நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடுவேன் என்று பயம்.

"அப்பறம் எந்தத் தைரியத்துல அத்தனை பேர் முன்னாடி பந்தயம் கட்டினீங்க?"

"கட்டும்போது கோவத்துல கண்ணைப் பத்தி ஞாபகம் இல்ல."

ஜூன் 20, வியாழன்

பந்தயத்தை விட்டுவிடுங்கள், அருளப்பண்ணனிடம் நான் பேசுகிறேன் என்றேன். மாட்டேன் என்கிறார். கண் தெரியவில்லை என்று குழுவில் சொல்வதற்குச் சும்மாரையே கொடுத்துவிடலாமாம். ஆனால் சும்மாரையும் கொடுக்க மனசில்லை. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

முப்பது வருஷம் ஒரு ஓட்டைப் பனியனைக்கூடத் தெரிந்து பாஸ் பண்ணாதவள் எழுதுகிறேன்: நானே ஜாடை காட்டுவதாக ஒத்துக்கொண்டேன். விடைப் பட்டியல் என் மடியில்தானே இருக்கப்போகிறது.

இருமினால் ஜூபிடர். வளையலை ஆட்டினால் எல்மார். முந்தானையைச் சரிசெய்தால் சும்மிக்ரான். சும்மா இருந்தால் சும்மார்.

"கடைசி நல்லா ஞாபகம் இருக்கும்" என்று இவர் குழந்தை மாதிரி சிரித்தார்.

பதிலுக்கு ஒரே நிபந்தனை போட்டேன். ஜூலை 1 காலை கண் ஆஸ்பத்திரி. தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் தலை இல்லை, கேமராவின் தலை.

ஜூன் 26, புதன்

பயிற்சி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காபி போட்டுக் குடித்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத நாலு பக்கம் போதுமா தெரியவில்லை.

ஹாலில் வழக்கத்தைவிடக் கூட்டம். மீசை போவதைப் பார்க்க அருளப்பண்ணன் சம்சாரமே வந்திருந்தார். ஒரு சின்ன மேடை, படம் வைக்க ஸ்டாண்டு, பக்கத்தில் நாற்காலியில் இவர். சலவைச் சட்டை, விபூதி. நான் முதல் வரிசையில், மடியில் பட்டியலோடு. ஒரு கூறுகெட்ட வேலை செய்தேன். காற்று வரட்டும் என்று ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணி வெயில் என் முதுகுக்குப் பின்னால்.

முதல் படம், பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிற அம்மா. வளையலை ஆட்டினேன். "எல்மார்" என்றார் இவர், காலை ஆட்டிக்கொண்டு. சரி. கைதட்டல்.

இரண்டாவது, டீக்கடை. இருமினேன். "ஜூபிடர்." சரி. அருளப்பண்ணன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது, மறுபடி அந்தப் பூக்கார அம்மா. அவர் பல்லில் கடித்திருந்த நூலின் முறுக்குக்கூடத் தெரிந்தது. சந்தேகமே இல்லை, என் நாத்தனார். முந்தானையைச் சரிசெய்தேன். இவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மறுபடி சரிசெய்தேன். மூன்றாவது தடவை முந்தானையே அவிழ்ந்துவிடும் போல் ஆயிற்று. இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நான் வெறும் இருட்டுக் குவியல். சத்தம் எதுவும் கேட்காததால் நான் சும்மா இருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார்.

"சும்மார்" என்றார் கம்பீரமாக.

ஹாலே சிரித்தது. நாலு லென்ஸிலும் கூர்மையானதைப் பார்த்து மங்கலானது என்றால் சிரிக்க மாட்டார்களா? யாரோ பின்னாலிருந்து, "சார், கண்ணாடியைப் போட்டுட்டுச் சொல்லுங்க!" என்றார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது நிஜமான சும்மார். நான் சிலையாக இருந்தேன். போன தடவை தப்பாகிவிட்டதே என்று இவர் மாற்றிப் போட்டார். "சும்மிக்ரான்!"

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பெரிசு. ஐந்தாவது படம் ஜூபிடர். நான் இரும வேண்டும். இவர் காதைத் தீட்டிக்கொண்டு என் பக்கம் சாய்ந்திருந்தார். இருமல் வரவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நிறுத்துங்க. இவருக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. நான்தான் ஜாடை காட்டிட்டு இருந்தேன். இருமினது, வளையலை ஆட்டினது எல்லாம் அதுக்குத்தான்."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளப்பண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் சொன்னது சரியாப் போச்சு. பார்த்துச் சொல்ல முடியல, ஜாடையிலதான் சொல்ல வேண்டியிருக்குது."

இவர் தலை நிமிர்ந்தார். "கண்ணு என்னுது கெட்டுப் போச்சுன்னா லென்ஸுக்குக் குணம் இல்லைன்னு ஆயிருமா? வசந்தாகிட்டக் கேளு. அவ சொல்லுவா."

"தங்கச்சிக்கா? அவங்ககிட்டப் பட்டியலே இருக்குதே!"

"பட்டியல் எனக்கு வேண்டாங்ணா" என்றேன். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ. இதில் ஒன்றுமே தெரியாதவள் என்று சொன்னது இன்னும் காதில் இருந்தது போலிருக்கிறது. பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். "இந்தப் படத்தையெல்லாம் பார்த்துத் தயார் பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க. அதனால வேற படமாக் காட்டுங்க."

அதே பிலிமில் எடுத்தது என்று சொல்லி இன்னும் எட்டு படத்தைப் பையிலிருந்து எடுத்தார். ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் வைத்தார்.

கிட்டப் போய், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், மேசையில் துணி பார்க்கிற மாதிரியே பார்த்தேன். முதலில் நாலு மூலை. பிறகு நடு. பிறகு வெள்ளை எங்கே முடிகிறது என்று. எல்மார். சும்மார். சும்மிக்ரான். மறுபடி எல்மார். குளத்தங்கரைப் படத்தில் தண்ணீர்ப் பளபளப்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கரைந்திருந்தது. ஜூபிடர். ஏழு படம் போயிற்று. ஏழும் சரி. ஹாலில் வடை தின்கிற சத்தம்கூட இல்லை.

எட்டாவது ஒரு சர்ச் வாசல். எல்லாம் பனி மூடினாற்போல் இருந்தது. பார்த்தவுடன் யாரும் சும்மார் என்றுதான் சொல்வார்கள். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் எங்கேயோ நெருடிற்று.

"அண்ணா, இது நாலு பேர்ல யாரும் இல்லீங்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"சும்மார்ல வெளிச்சம் இருக்கிற எடத்துலதான் கசியும். நிழல்ல கசியாது. இதுல நிழல், வெயில், படிக்கட்டு, எல்லா எடத்துலயும் ஒரே அளவு மங்கல். மேல மஸ்லின் விரிச்ச மாதிரி இல்ல. துணியையே சோடாவுல போட்டு வெளுத்த மாதிரி இருக்குது."

அருளப்பண்ணன் மீசை துடித்தது. கம்ப்யூட்டரில் செய்த படமாம். இவரை மாட்டிவிடுவதற்காகவே கொண்டுவந்து, கடைசியில் நுழைக்கலாம் என்று பையில் வைத்திருந்தாராம்.

"அடப்பாவி, நீயும் திருடனா!" என்று இவர் நாற்காலியிலிருந்து குதித்தார்.

அதற்குப் பிறகு எதுவும் கூட்டம் மாதிரி நடக்கவில்லை. இரண்டு பக்கமும் தில்லுமுல்லு என்பதால் பந்தயம் செல்லாது என்று சிலர், மீசையை எடுத்தே ஆகவேண்டும் என்று சிலர். அருளப்பண்ணன் சம்சாரம் இரண்டாவது கட்சி.

பஸ்ஸில் வந்து வடவள்ளியில் இறங்கும்போது இவர், "ஏழும் பார்த்த உடனே சொன்னியா, யோசிச்சியா?" என்றார்.

"பார்த்த உடனே."

"ம்" என்றார். பொறாமை.

ஜூலை 1, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை, முற்றிவிட்டது. முதலில் வலது கண். லேடி டாக்டர், பொறுமைசாலி. உள்ளே இருக்கும் பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்போம் என்று சொன்னதுதான் தாமதம், அதுவரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"லென்ஸா? எந்த லென்ஸ் மேடம்?"

"ரெண்டு மூணு விதம் இருக்குதுங்க சார். தூரம் மட்டும் தெளிவாத் தெரியறது, தூரம் கிட்டம் ரெண்டும் தெரியறது..."

"ரெண்டும் தெரியறதுல வெளிச்சத்தைச் சுத்தி வட்டம் விழுமா?"

"சிலருக்குக் கொஞ்சம் விழும்."

"ஓரம் எப்படி? நடு மாதிரியே ஓரமும் இருக்குமா? கோட்டிங் உண்டா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வெளியே எங்களுக்குப் பின்னால் பதினாறு பேர் காத்திருந்தார்கள். கடைசியில் தூரம் மட்டும் தெரிகிற லென்ஸுக்கு முடிவு செய்தார். "எதிர்வெயில்லயும் பால் ஊத்தாது" என்று எனக்கு விளக்கினார். சித்தப்பாவை மறந்தே போனார்.

ஜூலை 8, திங்கள்

நாளைக்கு ஆப்பரேஷன். ஆஸ்பத்திரிப் பை எடுத்து வைத்தேன். தலைக்கு டை அடித்தேன். பாக்கெட் தேதி முடியப் போகிறது, வீணாகப் போய்விடும். தாடையிலும் மூன்று முடி இருந்தது. அதையும் எடுத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. உள்ளே போய்ப் படுத்து வெளியே வர அரை மணிகூட ஆகவில்லை. நான்தான் ஊதுபத்தி மாதிரி உட்கார்ந்தபடி எரிந்துகொண்டிருந்தேன்.

அருளப்பண்ணன் வந்திருந்தார். முதலில் அடையாளமே தெரியவில்லை. மேல் உதடு மட்டும் வெள்ளை வெளேர் என்று வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஏனுங்ணா? அதான் பந்தயம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே."

"லென்ஸுக்கு லென்ஸ் குணம் வேறன்னு நீங்க காட்டிட்டீங்க. யார் காட்டினா என்ன தங்கச்சி? நான் சொன்னது தப்புதானே." "ஊட்டுலயும் ரொம்பச் சந்தோசம்" என்றார்.

ஜூலை 10, புதன்

காலையில் கட்டைப் பிரித்தார்கள். நான் நேர் எதிரில் நிற்கவில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றேன். இவர் கண்ணைத் திறந்து, முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காலண்டரை. காலண்டரில் அச்சாபீஸ் பேரைப் படித்தார். பிறகு இன்றும் கூட வந்திருந்த அருளப்பண்ணனைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். மூன்று பேருக்கும் சிரித்து வயிறு வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் போய் நின்றவர் வெளியே வரவே இல்லை.

"வசந்தா, யாரு இந்தக் கெழவன்?"

என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

நாள் முழுக்க ஒரே வேலை. வலது கண்ணை மூடுவார், இடதை மூடுவார். "இது சும்மிக்ரான். இது சும்மார். சும்மிக்ரான். சும்மார்." கொடித் துணி, வேப்பமரம், சாம்பார் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறார். சும்மார் கண்ணை அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன், அருளப்பன்கூடக் கேட்க முடியாது என்று கேலி வேறு.

கேலிதானா என்று தெரியவில்லை. இன்னொரு ஆப்பரேஷனுக்குப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

"நீ எடுத்துப் பாரேன்" என்று கேமராவை என் கையில் கொடுத்தார். ஜன்னலில் பார்த்தேன். சதுரத்துக்குள் இரண்டு இவர். மெல்லத் திருகினேன். இரண்டும் நகர்ந்து நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்தது. என்னை அறியாமல் "ஆங்" என்று சத்தம் போட்டுவிட்டேன். முப்பத்தாறு படமும் எடுத்துத் தீர்த்துவிட்டேன். பிலிம் வீணாகிவிடக் கூடாதே.

ஜூலை 22, திங்கள்

ஆஸ்பத்திரியில் மறு பரிசோதனை. இடது கண்ணுக்கு அவசரமில்லை, இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூடச் செய்யலாம் என்றார் டாக்டர். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஓடி வருவார் என்று பார்த்தால், "அடுத்த வாரமே பண்ணிருங்க மேடம்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "சும்மார் கண்ணை வெச்சுக்கறேன்னு சொன்னீங்களே, என்னாச்சு?"

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னலில் ஆட்டோ நின்றபோது சொன்னார்.

"ரெண்டு வருஷமா நீ சிரிக்கறயா, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கறயான்னே எனக்குத் தெரியல வசந்தா. குரலை வெச்சுக் குத்துமதிப்பாப் பேசிட்டு இருந்தேன். பாதி நேரம் தப்பாயிருக்கும்."

சிக்னல் விழுந்தது. ஆட்டோ கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். மச்சினன் மகள் கல்யாணத்தில் போகலாம் என்று கண்ணைக் காட்டியபோது இவர் பாட்டுக்கு மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தது. என் பிறந்தநாள் அன்று காலையிலிருந்து உர்ரென்று இருந்தும் ஏன் என்று கேட்காதது. என் அண்ணன் இறந்த அன்று நான் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கிரிக்கெட் ஸ்கோர் சொன்னது. இந்த மனுஷனுக்கு நான் சலித்துவிட்டேன் என்று நான் ஒரு முடிவுக்கே வந்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் இதுவரை எழுதவில்லை.

இரண்டு வருஷம், யாரும் பார்க்காத இடத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 31, புதன்

இடது கண்ணும் முடிந்தது. நாளைக்குக் கட்டுப் பிரிப்பார்கள். டை அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எனக்குக் காலையிலிருந்து இடுப்பு வலி. இன்று சமையல் இவர்தான். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்க்காத மாதிரி ஹாலின் அந்தக் கோடிக்குப் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார். சட்னியைத் தொட்டு வாயில் வைத்தேன். உப்பு மண்டையில் ஏறியது. பாவம், ஆசையாகச் செய்திருக்கிறார், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மூக்கை மட்டும் லேசாகச் சுளித்தேன்.

"சரி, சரி" என்றார் அங்கிருந்தே. "நாளைக்குக் கம்மியாப் போடறேன்."